மர ஜன்னலா, யுபிவிசி ஜன்னலா? நுகர்வோர் கேள்வி-பதில்

தஞ்சாவூரில் புது வீடு கட்டுகிறோம், பதினான்கு ஜன்னல். அப்பா தேக்கு என்கிறார், என்ஜினீயர் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) என்கிறார். எது நல்லது?

எந்தத் தேக்கு, எந்த யுபிவிசி என்று எழுதவில்லையே! வைரம் பாய்ந்த (நடுமரத்தின் கெட்டிப் பகுதி) தேக்கும், உள்ளே இரும்புச் சட்டம் வைத்த யுபிவிசியும் நீண்ட காலம் உழைக்கும். வெளிறு (ஓரத்து இளமரம்) கலந்த தேக்கைக் கரையான் விடாது. இரும்பு இல்லாத பெரிய யுபிவிசி ஜன்னல் வெயிலில் வளைந்து, பூட்டு பூட்டாது. உள்ளே இரும்பு இருக்கிறதா என்று பார்க்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்துப் போய்ச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். இழுத்தால் இருக்கிறது. கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

கையில் காசும் ஊரில் நல்ல ஆசாரியும் இருந்தால் முன்பக்கத்துக்குத் தேக்கு போடுங்கள். குளியலறை, சமையலறை, சாரல் அடிக்கும் பக்கம் யுபிவிசி. பதினான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? ஒன்றை மட்டும் அப்பா பக்கம் சொல்லிவிடுகிறேன். மர ஜன்னலின் கீல் உடைந்தால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். யுபிவிசியின் உருளையும் பூட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கம்பெனி கடையை மூடிவிட்டால் அலைச்சல் உங்களுக்கு.

லண்டனில் அக்கா வீட்டில் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும் ஜன்னல் பார்த்தேன். கோவையில் அதே மாதிரி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எதற்கு? எவ்வளவு ஏற்றினாலும் பாதிதான் திறக்கும். லண்டன் குளிருக்கு அது போதும், நம் சித்திரை வெயிலுக்குப் போதாது. பழைய வகையில் சட்டத்துக்குள் கயிற்றில் இரும்பு எடை தொங்கும். கயிறு அறுந்தால் மாற்றத் தெரிந்த ஆளை முதலில் தேடி வைத்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

திருச்சியில் 5×3 அங்குலச் சட்டம் என்று கன அடிக்குக் காசு வாங்கினார்கள். வீட்டில் அளந்தால் 4¾×2¾ தான். கேட்டால், "இழைப்பில் போயிடுச்சு" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

இது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மரக்கடைக் கணக்கு எளிது. அகலம், கனம் இரண்டையும் அங்குலத்தில் பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நீங்கள் வாங்கியது 100 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், 5×3-க்கு 10.4 கன அடி. உங்கள் வீட்டுக்கு வந்ததோ 9.1 கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. கன அடி 4,000 ரூபாய் என்று வைத்தால்கூட ஐயாயிரத்துக்கு மேல் தூளாகப் போயிருக்கிறது.

இழைத்தால் மரம் குறையும், அதை யாரும் மறுக்கவில்லை. விலை சொல்லும்போது அதைச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. "இழைக்காத அளவுக்கு விலை" என்று முன்பே சொன்னால் அது வியாபாரம். சொல்லாமல் விட்டு, அறுப்புக் கூலியும் இழைப்புக் கூலியும் தனியாக வாங்கி, ஓரத்து வெளிறையும் வைரம் விலைக்கே அளந்து போட்டால் அதற்கு வேறு பெயர். கானா தேக்கை பர்மா தேக்கு விலைக்குத் தள்ளுவது இன்னொரு கூத்து. பில்லில் "மரம்" என்று ஒரே சொல் எழுதித் தருவார்கள். எந்த மரம், எந்த நாட்டு மரம், இழைத்த அளவா இழைக்காத அளவா என்று எழுதச் சொன்னால் பேனா நகராது. எழுதாத கடையில் நான் வாங்குவதில்லை. உங்கள் மேல் தப்பு இல்லை. பில்லோடு போய் வித்தியாசத்தைக் கேளுங்கள்.

வெள்ளை யுபிவிசி மஞ்சளாகுமா?

மலிவானது ஆகும். என் மாடி ஜன்னல் மேற்குப் பக்கம் பழைய பியானோ கட்டை நிறத்தில் நிற்கிறது. வெயிலைத் தாங்க டைட்டானியம் டை ஆக்சைடு போதுமான அளவு கலக்க வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் விலையைக் குறைக்கிறார்கள்.

ஈசிஆரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. துருப்பிடிக்காது என்று நம்பித்தான் யுபிவிசி போட்டோம். இரண்டே வருடத்தில் ஜன்னல் நகரவில்லை.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. திருகும் உருளையும் கீலும் பிடிக்கும். விற்றவர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். ஜன்னலையே மாற்றச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். உலோகப் பாகங்களை மட்டும் 316 ரக எவர்சில்வரில் மாற்றச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் 304 ரகமும் கறை பிடிக்கும்.

பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கொடுத்தேன். இப்போது மழை பெய்தால் ஜன்னல் வழியே தண்ணீர் வருகிறது, போன் எடுப்பதில்லை.

பில் இல்லை, வாரண்டி இல்லை, கையில் பிடித்து வைத்த பணமும் இல்லை. அவர் எதற்குப் போன் எடுக்க வேண்டும்?

சரி, முதலில் கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் வடியும் துளைகளைப் பாருங்கள். பல வீடுகளில் பூச்சு வேலையின்போது சிமென்ட் அடைத்திருக்கும். குத்தி எடுத்தாலே சரியாகிவிடும். துளையே போடவில்லை என்றால் அது அவர் குறை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள், அவையும் சாட்சிதான். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை வந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

ஸ்லைடிங் ஜன்னலில் கொசுவலை வைக்க முடியுமா?

முடியும். வலைக்குத் தனித் தடம் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பிறகு சொன்னால் பசை நாடாதான் ஒட்டித் தருவார்கள்.

மனையிலேயே பெரிய வேப்பமரம் நிற்கிறது. வெட்டி ஜன்னல் செய்துகொள்ளலாமா? தையில் கிரகப்பிரவேசம்.

வேம்பு நல்ல மரம். ஆனால் பச்சையாக அறுத்துப் பூட்டினால் காயக் காயக் கோணும், வெடிக்கும். அறுத்து, நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, மாதக்கணக்கில் நிழலில் காய வேண்டும். தைக்குள் அது ஆகாது. மரத்தை விட்டுவிடுங்கள், நிழலாவது இருக்கட்டும்.