ஜாவாஸ்கிரிப்டில் இஃப் நிபந்தனைகளை மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

மற்றவர்களை விடுங்கள். எட்டு மாதம் கழித்து எனக்கே புரியவில்லை.

ஒரு மளிகைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதினேன். தள்ளுபடி குறிக்காத பொருளுக்கு 10 சதவீதம் என்பது கடைக்காரரின் ஏற்பாடு. ‘தள்ளுபடி || 10’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன்; இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தை எடு என்று அர்த்தம். (மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும், தெரியுமா?) அப்புறம் அவர் அரிசிக்குத் தள்ளுபடியே வேண்டாம் என்று 0 போட்டிருக்கிறார். || பார்வையில் 0, வெற்றுச் சரம், நல் (மதிப்பு இல்லை என்று நாமே குறிப்பது), அன்டிஃபைண்ட் (மதிப்பே வைக்காதது) எல்லாமே பொய்தான். உடனே வலப்பக்கத்து 10-ஐ எடுத்துக்கொண்டது. மூன்று நாள் அரிசி மூட்டைகள் 10 சதவீதம் குறைத்துப் போயின. நாலாம் நாள் காலை அவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்த வரியைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மணி நேரம். மூன்று அடுக்கு டெர்னரி (‘நிபந்தனை ? இது : அது’ என்று இஃப்-எல்ஸைச் சுருக்கி எழுதுவது): உறுப்பினரா, பண்டிகை நாளா, பில் 2000-ஐத் தாண்டியதா என்று ஒரே வரியில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியுமாக. எந்த மகானுபாவன் எழுதியது என்று கிட்டில் (எந்த வரியை யார் மாற்றினார் என்று பதிவு வைக்கும் கருவி) பார்த்தால் என் பெயர்.

|| இருந்த இடத்தில் ?? போட்டேன். அது நல், அன்டிஃபைண்ட் இரண்டுக்கு மட்டும்தான் வலப்பக்கம் போகும். 2020 முதல் தரநிலையில் இருக்கிறது. காலி பில், ரத்தான பில் எல்லாவற்றையும் ஃபங்ஷனின் தலைப்பிலேயே ரிட்டர்ன் போட்டு அனுப்பினேன். மிச்சமிருந்த நீள நிபந்தனையைத் தனியே எடுத்து ‘சலுகைக்குத்தகுதி’ என்று பெயர் வைத்தேன். ‘!(காலாவதி || முடக்கம்)’ என்பதை ‘!காலாவதி && !முடக்கம்’ என்று பிரித்தேன். இரண்டும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதை ‘காலாவதி இல்லை, முடக்கமும் இல்லை’ என்று வாய்விட்டுப் படிக்கலாம்.

டெர்னரியே கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். இரண்டே மதிப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்லது இல்லை. அதற்குள் இன்னொன்றை நுழைக்கும்போதுதான் வம்பு. ‘வரி கூடினால் வேகம் குறையாதா’ என்பவர்களுக்கு: மளிகை பில்லில் அந்த வித்தியாசத்தை அளந்து காட்டுங்கள், பேசுவோம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த ஒற்றை வரியை முதலில் எழுதியபோது ‘சுருக்கமாக இருக்கிறது’ என்று மேலாளர் பாராட்டினார். அதைப் பதினாலு வரியாக்கியபோது ‘எதற்கு இவ்வளவு நீளம்?’ என்றார். கடைக்காரர் நஷ்டத்தைப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு 0. அதற்கு மட்டும் || போட யாருக்கும் தோன்றவில்லை.