வட்டமா, ஓவலா, பிரின்சஸ் கட்டா? மூலை உடைந்த வைரம் போட்டிருப்பவளின் பதில்

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வட்டம், ஓவல், பிரின்சஸ் கட், இதில் எந்த வைரம் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். படங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

பிரின்சஸ் கட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன். சதுரக் கல், நான்கு மூலையும் ஊசி மாதிரி. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் தலை துவட்டும்போது துண்டின் நூல் மோதிரத்தில் மாட்டியது. எடுத்துப் பார்த்தால் கல்லைப் பிடித்திருந்த ஒரு பிடி லேசாக விலகியிருக்கிறது, அதற்கு அடியில் மூலையைக் காணோம். கடுகில் பாதிகூட இருக்காது, ஆனால் நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று இருந்தது. எப்போது எதில் இடித்தது என்று இன்றுவரை தெரியாது.

வாங்கிய கடைக்குப் போனால், "வைரம் உடையாதே, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் இன்னும் வலிக்கிறது. மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, சரி. அது கீறல் விழாது என்பதற்கான அளவு, உடையாது என்பதற்கு அல்ல. வைரத்துக்குள் நான்கு திசைகளில் எளிதாகப் பிளக்கும் தளங்கள் இருக்கின்றன, கல் வெட்டுபவர்கள் காலங்காலமாக அதை வைத்துத்தான் பிளந்தார்கள். கூரான மூலையில் அடி பட்டால் போய்விடும். அதனால்தான் பிரின்சஸ் கல்லுக்கு மூலையை மூடும் 'வி' வடிவப் பிடி போடுவார்கள். எனக்குப் போட்டுக் கொடுத்தது மெல்லிய உருண்டைப் பிடி.

பிரின்சஸ் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, அதைப் பல வருடம் பத்திரமாகப் போட்டிருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 'வி' பிடி கேளுங்கள், அவ்வப்போது பிடி ஆடுகிறதா என்று பாருங்கள்.

தினமும் கழற்றாமல் போடுகிற கை என்றால் என் ஓட்டு வட்டத்துக்கு. மூலையே இல்லை, 57 அல்லது 58 பட்டை, 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் கணக்குப் போட்டு எழுதிய அளவுகளிலிருந்து வளர்ந்த வெட்டு, மினுக்கத்தில் அதை மிஞ்சுவது கஷ்டம். பட்டை தீட்டும்போது கச்சாக் கல்லில் பாதிக்கு மேல் போய்விடுவதால் விலையும் கூடும்.

ஓவல் அதே எடையில் பெரிதாகத் தெரியும், விரலும் நீளமாகத் தெரியும். ஆனால் நடுவில், கழுத்தில் கட்டும் 'போ டை' (வண்ணத்துப்பூச்சி வடிவ டை) மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழலாம், சான்றிதழில் அது இருக்காது. என் தங்கை கடை விளக்கடியில் பார்க்காமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டு கல்லைத் திருப்பிக் கொடுத்து மூன்றாவதைத்தான் எடுத்தாள்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மோதிரத்தைக் காட்டியதும் கையைப் பிடித்துக்கொண்டு "எத்தனை கேரட்?" என்பவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேரட் என்பது எடை, 0.2 கிராம், அவ்வளவுதான். ஆழமாக வெட்டிய கல்லில் பாதி எடை அடியில் ஒளிந்துகொண்டு மேலே சின்னதாகத் தெரியும். யாருக்கு யார் எதை நினைத்துப் போட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

என் உடைந்த கல்லுக்குப் பதில் வேறு கல் மாற்றிக்கொள்ளலாம் என்றார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. அதே கல்லை நான்கு மூலையும் மூடி மறுபடி கட்டி வாங்கி, இதோ இப்போதும் போட்டிருக்கிறேன்.