பால் சேர்த்த புதினா டீ கசக்காமல், வாசனையோடு வர என்ன செய்ய வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: இந்தியாவில் போடுவதுபோல் பால் ஊற்றிப் புதினா டீ போட்டுப் பார்க்கிறீர்கள், கை நிறைய இலை போட்டும் மணம் இல்லை, கசக்கிறது, சில நாள் பாலும் திரிந்துபோகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டால் இந்த மூன்றும் வரும். புதினா அடுப்பில் கொதிக்க வேண்டிய பொருளே இல்லை. அடுப்பை அணைத்த பிறகுதான் அதற்கு வேலை.

புதினாவின் மணம் இலையின் மேல்தோலில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாக இருக்கிறது. சூட்டில் அது ஆவியோடு சேர்ந்து போய்விடும். ஐந்து நிமிடம் கொதித்தால் சமையலறை மணக்கும், கிளாஸில் ஒன்றும் இருக்காது. இலையும் பழுப்பாகிக் கீரை வெந்த வாடை அடிக்கும். மணம் போதவில்லை என்று இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள், கசப்புதான் கூடும்.

இரண்டு கிளாஸுக்கு அளவு: தண்ணீர் 300 மில்லி, பால் 150 மில்லி, தேயிலைத் தூள் தட்டையாக 2 தேக்கரண்டி, கட்டைவிரல் நகம் அளவு இஞ்சி, ஏலக்காய் 1, சீனி 3 தேக்கரண்டி, நடுத்தர அளவுப் புதினா இலை 15 முதல் 20. கிராம்பு, பட்டை வேண்டாம். மசாலா டீக்கு அவை சரி. இங்கே புதினாவை அமுக்கிவிடும்.

இஞ்சியையும் ஏலக்காயையும் நசுக்கிப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதி வந்தபின் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். இதைக் குறைக்கக் கூடாது, ஏனென்றால் பால் திரிவதற்குப் பெரும்பாலும் இஞ்சிதான் காரணம். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை வெட்டுகிற நொதி ஒன்று உண்டு. 60, 70 டிகிரி சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும், நன்றாகக் கொதித்தால் செத்துவிடும். சீனர்கள் இஞ்சிச் சாற்றின்மேல் சூடான பாலை ஊற்றி உறையவைக்கிற இனிப்பு இந்த நொதியால்தான் கட்டியாகிறது. நீங்கள் பாலையும் இஞ்சியையும் சேர்த்தே சுடவைத்தால், கொதி வருவதற்குள் அது பாலைத் திரித்துவிடும்.

அடுத்து தூளைப் போட்டுத் தீயைக் குறையுங்கள். இந்தியக் கடையில் கிடைக்கும் குருணையான அஸ்ஸாம் சி.டி.சி. தூளுக்கு இரண்டு நிமிடம். தே தாரிக்குக்கு, அதாவது இங்கே கடைகளில் இழுத்து ஆற்றித் தரும் பால் டீக்கு, போடுகிற மாவுபோன்ற பொடித் தூள் என்றால் ஒன்றரை நிமிடம் போதும். தூள் நைசாக இருக்க இருக்கச் சாறு சீக்கிரம் இறங்கும், துவர்ப்பும் அப்படியே. தனியாகக் காய்ச்சிய சூடான பாலை இப்போது ஊற்றி, ஒரே ஒரு பொங்கு வந்ததும் சீனி போட்டுக் கலக்கி அணைத்துவிடுங்கள்.

பலரும் இந்த இடத்தில் இலையைச் சட்டியிலேயே போட்டு மூடிவைக்கிறார்கள். அடியில் தூளும் ஊறிக்கொண்டே இருப்பதால் மறுபடி துவர்த்துப்போகும். இலைகளைக் கையால் இரண்டு மூன்றாகக் கிழித்து ஒரு ஜக்கில் போட்டு, டீயை அதன்மேல் வடித்து ஊற்றி, தட்டு போட்டு மூன்று நிமிடம் மூடுங்கள். மூடாவிட்டால் இத்தனை பாடும் வீண். கத்தியால் பொடியாக நறுக்கவோ, அம்மியில் நசுக்கவோ வேண்டாம். பச்சைச் சாறு இறங்கிப் புல் வாசம் வரும். பிறகு இன்னொரு முறை வடிகட்டிக் குடிக்கலாம். நுரைக்காக இழுத்து ஆற்றுவது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் உயரத்திலிருந்து ஏழெட்டு தடவை ஆற்றினால் மணம் காற்றோடு போகும், இரண்டு முறையோடு நிறுத்துங்கள்.

பாலைப் பொறுத்தவரை, கறந்த பால் வீட்டுக்கு வருகிறது என்றால் முதலில் முழுதாகப் பொங்கக் காய்ச்சியே ஆக வேண்டும். பால்மாவு என்றால் 150 மில்லி வெந்நீரில் 3 மேசைக்கரண்டி கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நேராகத் தூவினால் கட்டி தட்டும். இனிப்பான டின்பாலை இதற்கு நான் சொல்லமாட்டேன். இங்கே விற்கும் டின்களில் பல, செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர். அந்தத் திகட்டலில் புதினா தெரியாது. நல்ல பாலையும் கூட்டாதீர்கள்: புதினா எண்ணெயைப் பாலின் கொழுப்பு பிடித்துவைத்துக்கொள்ளும், பால் கூடக் கூட மணம் மங்கும். வெல்லம், குலா மலாக்கா என்கிற தென்னஞ்சர்க்கரை இரண்டுக்கும் சொந்த வாசனை பலமாக உண்டு, வெல்லத்தில் பால் திரிவதும் உண்டு. வெள்ளைச் சீனியே பொருத்தம்.

பால் வேண்டாதவர்களுக்கு இன்னும் எளிது. 400 மில்லி கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தூள், ஒரு நிமிடம், வடித்து அதே மாதிரி இலைமேல் ஊற்ற வேண்டியதுதான். எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, குடிக்கும்போது கிளாஸில். டீயின் நிறம் வெளிறும். புளிப்பு பட்டால் அப்படித்தான், கெட்டுப்போகவில்லை. பால் டீயில் எலுமிச்சை கூடவே கூடாது.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவில் சாப்பிட்டுவிட்டு இதைக் குடித்துப் படுக்க வேண்டாம். புதினா உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தும், புளிப்பு மேலேறும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். தேயிலை, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

இலை விஷயத்தில், பசாரில் காலையிலேயே வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துக் கருத்த கட்டு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கழுவாமல் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, போடும்போது மட்டும் மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள். தடித்த தண்டில் மணம் குறைவு, டீக்கு ஆகாது. தூக்கிப் போடாமல் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். நம் பக்கத்து மதிய வெயில் நேராகப் பட்டால் கருகும். காலை வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத தொட்டியில் வையுங்கள். பூ வைக்கும் முன்பே நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் பக்கக் கிளை வெடித்து, அடுப்படிக்குத் தேவையான இலை தொடர்ந்து கிடைக்கும்.