லண்டனில் பேஸ் வாசித்துப் பிழைக்கலாமா?

தம்பி, சென்னையில் நான்கு வருடம் ரெக்கார்டிங்கில் பேஸ் கிடார் வாசித்துவிட்டு, மியூசிக் புரொடக்‌ஷன் படிக்க லண்டன் வந்திருக்கிறீர்கள். வாசித்தே இங்கே வாழ முடியுமா, புரொட்யூசராக (பாட்டின் பதிவை முழுதாக வடிவமைத்து முடிப்பவராக) மாறினால்தான் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பதினேழு வருடமாக நான் இரண்டும் செய்து குடும்பம் நடத்துகிறேன். முடியும்.

முதலில் விசா. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. தொழில்முறைக் கலைஞராக மேடையேறவும் கூடாது. கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கூப்பிட்டு, கையில் காசாகவே தருகிறேன் என்பார்கள். போகாதீர்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா வந்ததும் தாராளமாக வாசிக்கலாம். அதுவரை கல்லூரி ஸ்டூடியோ இருக்கிறது, நோட்டேஷன் பயிற்சி இருக்கிறது.

நாம் கால்ஷீட் என்போமே, அது இங்கே மூன்று மணி நேர செஷன். இசைக் கலைஞர்களின் சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியன் பேசி முடித்த கூலி உண்டு. ஒரே செஷனில் இரண்டாவது வாத்தியம் வாசித்தால் அதற்குத் தனியாகச் சேர்த்துத் தருவார்கள். ஸ்டூடியோக்களில் பேஸ் வாசித்த ஹெர்பி ஃபிளவர்ஸ் கதையை இங்கே எந்த பேஸ் கலைஞரும் சொல்வார். 1972-இல் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பதிவில் முதலில் டபுள் பேஸ் (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய பேஸ்) வாசித்தார், அதன் மேலேயே பேஸ் கிடாரையும் வாசித்துச் சேர்த்தார். இரண்டு வாத்தியத்துக்கான கூலி கிடைத்தது. அந்தப் பாட்டைக் கேட்டதும் முதலில் காதில் விழுவது அவருடைய பேஸ்தான். ஆனாலும் பாட்டு எழுதியவர் என்ற பங்கு அவருக்கு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் வாசித்த ஒவ்வொரு பதிவிலும் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். இங்கே பி.பி.எல். என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு பதிவு ரேடியோவிலோ டிவியிலோ கடையிலோ ஒலித்தால் அதற்கு வசூலாகும் பணத்தில் பாட்டை வெளியிட்ட லேபிளுக்கு ஒரு பங்கு, வாசித்தவர்களுக்கு ஒரு பங்கு. பாடகர் மட்டுமல்ல, பின்னணியில் பேஸ் வாசித்தவருக்கும் உண்டு. கலைஞர்கள் சேரக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் பதிவில் யார் யார் வாசித்தார்கள் என்ற பட்டியலில் நீங்கள் இல்லையென்றால் காசும் இல்லை. நான் வந்த புதிதில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதினொரு பாட்டுக்கு வாசித்தேன். ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை, வாசித்த தேதியைக்கூட நான் குறித்துவைக்கவில்லை. பிற்பாடு அதில் ஒரு பாட்டு ரேடியோவில் அடிக்கடி வந்தது. பட்டியலில் வேறொருவர் பெயர். அந்த வலி இன்னும் போகவில்லை. இப்போது வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும் முன் தேதி, பாட்டு, வாசித்த வாத்தியம் எல்லாம் எழுதி, புரொட்யூசர் கையெழுத்தையும் வாங்கிவிடுகிறேன்.

புரொட்யூசர் விஷயத்துக்கு வருகிறேன். வாசிப்பை விட்டுவிட்டு அங்கே போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜான் பால் ஜோன்ஸ் அறுபதுகளில் இந்த ஊர் ஸ்டூடியோக்களில் பேஸ் வாசித்துக்கொண்டே மற்றவர்கள் பாட்டுக்கு அரேஞ்ச்மென்ட் (எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிப்பது என்ற அமைப்பு) எழுதினார். 1968-இல் லெட் செப்பலின் ராக் குழுவில் பேஸ் கலைஞரானார். பிறகு மற்றக் குழுக்களின் ஆல்பங்களையும் புரொட்யூஸ் செய்தார். டிரம்ஸின் தாளத்துக்கும் கிடார், கீபோர்டின் ஸ்வரக் கூட்டுக்கும் (chord) நடுவே உட்கார்ந்திருப்பவன் பேஸ்காரன். பாட்டு எங்கே நெரிசலாகிறது என்பது அவன் விரலுக்குத்தான் முதலில் தெரியும். போன வருடம் ஒரு பெண் கொண்டுவந்த பாட்டில் இரண்டாவது சரணம் எடுபடவே இல்லை. கீபோர்டு சேர்த்தோம், கோரஸ் சேர்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான் எட்டு பார் (தாளச் சுற்று) வாசிக்காமல் நிறுத்திப் பார்த்தேன். அவர் குரல் வெளியே வந்தது. அன்றிலிருந்து அவருடைய பாட்டுகளை நான்தான் புரொட்யூஸ் செய்கிறேன்.

வீட்டிலிருந்து ரெக்கார்ட் செய்து அனுப்பும் வேலையும் நிறைய வரும். கிடாரிலிருந்து வரும் நேரடி சிக்னல் ஒன்று, ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒன்று என்று இரண்டு டிராக் கொடுங்கள். இரண்டும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். அப்புறம் வரி: ஏப்ரல் 6 முதல் மறுவருடம் ஏப்ரல் 5 வரை ஓர் ஆண்டு, ஆன்லைன் கணக்குக்கு ஜனவரி 31 கடைசி நாள்.

இசை கேட்பதற்கு விசா தடையில்லை. ஞாயிறு காலை தெற்கு லண்டனில் பெக்கம் பக்கத்து ஆப்பிரிக்கத் தேவாலயம் ஏதாவதொன்றில் போய் உட்காருங்கள். டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கோடு பேஸ் எப்படி ஒட்டி நிற்கிறது என்று அங்கே கேட்க வேண்டும். இந்த ஞாயிறு நான் போகிறேன். வருவதானால் சொல்லுங்கள், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்.