குத்திய ஊசியை மறைக்கலாமா?

கேள்வி: நான் செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் நைட் டூட்டியில், ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. திட்டுக்குப் பயந்து மேலிடத்தில் சொல்லவில்லை. சீனியர் அக்கா ஒருவர், "எனக்கு எத்தனையோ முறை குத்தியிருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

பதில்: அடுத்த டூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக இன்சார்ஜிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். அந்த நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எச்.ஐ.வி. பயம்தான் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு அது இருந்திருந்தாலும், இப்படி ஒருமுறை குத்தியதில் தொற்றுவது சுமார் 300 பேரில் ஒருவருக்குத்தான். எனக்குக் கவலை கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி பற்றி. நோயாளிக்கு அது இருந்திருந்தால், தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 30 பேர் வரைக்கும்கூட அது தொற்றலாம். காய்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள் தாக்குப்பிடிக்கிற வைரஸ் அது. மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா? போட்டது உடம்பில் பிடித்ததா என்று, கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பார்த்திருக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நீங்களும் விட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றுக்கும் இப்போது ஒருமுறை, அவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

குத்திய அன்றே சொல்லியிருந்தால் இன்னொரு வழி இருந்தது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கிற விஷயமா இது! இன்னொரு முறை குத்தினால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். அப்புறம் நேராகப் போய்ச் சொல்லுங்கள்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. பெரும்பாலான குத்தல்களில் ஒன்றும் ஆவதில்லைதான். அந்தத் தைரியத்தில்தான் குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடும் தப்பான பழக்கமும் போகாமல் இருக்கிறது. உங்களைக் கேட்கிறேன், ஊசியை ஏன் மூடினீர்கள்? பயன்படுத்திய ஊசியைப் போடுகிற டப்பா வார்டின் அந்தக் கோடியில் இருந்திருக்கும். திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்கப் பயந்திருப்பீர்கள். உங்கள் தப்பு பாதி, டப்பா வைத்த இடத்தின் தப்பு பாதி. யாரும் சொல்லாததால் அது அங்கேயே இருக்கிறது. இன்சார்ஜிடம் பேசும்போது இதையும் கேளுங்கள்: ஊசி போடும் டிரேயோடு சேர்ந்து போகிற மாதிரி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பா வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் அதை மாற்றவும் வேண்டும்.