இனிப்புக் கூடத்தில் தொடங்கிய ஆட்டம்: ரட்சனோக் இன்டானன் குறித்த கேள்வி பதில்

தாய்லாந்தின் பேட்மிண்டன் வீராங்கனை ரட்சனோக் இன்டானனின் ஆட்டத்தை அவருடைய ஜூனியர் நாள்களிலிருந்தே தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவரைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற அளவு விடை எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்குச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருந்தது.

கேள்வி: ஐயா, இவர் மிட்டாய்த் தொழிற்சாலையில் வளர்ந்தவர் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மைதான். ரட்சனோக் 1995 பிப்ரவரி 5 அன்று, தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள யசோத்தோனில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பாங்காக்கில் 'பான் தோங்யோட்' என்ற இனிப்புத் தயாரிப்புக் கூடத்தில் கூலி வேலை பார்த்தார்கள். தோங்யோட் என்பது முட்டையின் மஞ்சள் கருவைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்யும் தாய்லாந்துப் பலகாரம். அந்தப் பெயருக்குப் 'பொன் துளி' என்று பொருள். கொதிக்கும் பாகுச் சட்டிகளுக்கு இடையே குழந்தைகள் ஓடித் திரிவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கூடத்தின் உரிமையாளரான கமலா தோங்கோர்ன் பேட்மிண்டன் பள்ளி ஒன்றையும் நடத்தி வந்ததால், சுமார் ஆறு வயதில் இருந்த அந்தச் சிறுமியை அடுப்பங்கரையிலிருந்து விலக்கி ஆடுகளத்துக்கு அனுப்பினார். பிள்ளைக்குச் சூடுபட்டுவிடக் கூடாது என்ற கவலையில் எடுத்த முடிவு அது; சாம்பியனை உருவாக்கும் எண்ணம் அப்போது யாருக்கும் இருந்திருக்காது. பின்னர் அதே பள்ளியில் சீனப் பயிற்சியாளர் சியே சிஹுவா அவரைச் செதுக்கினார். தாய்லாந்து மக்கள் இன்றும் அவரை 'நோங் மே' என்றே அழைக்கிறார்கள். 'மே' அவருடைய செல்லப்பெயர், 'நோங்' என்றால் தங்கை.

கேள்வி: ஜூனியர் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவர் என்கிறார்கள். ஜூனியரில் வென்றவர்கள் எல்லாரும் பெரிய ஆட்டக்காரர்களாக வந்துவிடுகிறார்களா?

பதில்: எல்லாரும் வந்துவிடுவதில்லை. ஆனால் இவருடைய ஜூனியர் வரலாறு வழக்கமான ஒன்று அன்று. 2009இல் மலேசியாவின் அலோர் ஸ்டாரில் முதல் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 14. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி அது என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். 2010இல் மெக்சிகோவிலும் 2011இல் தைவானிலும் அதே பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார். தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் நபர் அவர்தான். பின்னர் 2017, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆடவர் பிரிவில் அதே சாதனையைச் செய்த குன்லாவுட் விதித்சார்னும் அதே தோங்யோட் பள்ளியில் வளர்ந்தவர் என்பதால், அந்தப் பள்ளியின் பயிற்சி முறையில் ஏதோ ஓர் அடிப்படை வலு இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

கேள்வி: 2013 உலக சாம்பியன்ஷிப் வெற்றியைப் பலர் எதிர்பாராத அதிர்ஷ்டம் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் அந்த ஆண்டின் முதல் பாதியைப் பார்க்காதவர்கள். மார்ச்சில் ஆல் இங்கிலாந்து என்ற பழம்பெரும் போட்டியின் இறுதி வரை சென்று, அத்துடன் ஓய்வுபெறவிருந்த டென்மார்க்கின் டீனே பாவுனிடம் மூன்று செட்களில் தோற்றார். அடுத்த மாதமே டெல்லியில் இந்திய ஓப்பன் இறுதியில் ஜெர்மனியின் யூலியானே ஷெங்கை வென்று அப்போதைய முன்னணி சர்வதேசப் போட்டித் தொடரான சூப்பர் சீரிஸில் தம் முதல் பட்டத்தைப் பெற்றார். ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப்புக்காகச் சீனாவின் குவாங்சோவுக்குச் சென்றவர், உலகின் முன்னணி வீராங்கனைகள் ஏற்கெனவே எச்சரிக்கையோடு பார்க்கத் தொடங்கியிருந்த ஒருவர்.

அரையிறுதியில் பி.வி.சிந்துவை 21-10, 21-13 என்று வென்றார். இறுதியில் எதிரே நின்றவர் லீ ஷுவேருயி; லண்டன் ஒலிம்பிக் தங்கம் வென்று ஓராண்டு மட்டுமே கடந்திருந்த நிலையில், சொந்த நாட்டில், சொந்த ரசிகர்களின் ஆரவாரத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தவர். முதல் செட்டை 22-20 என்று நூலிழையில் பிடித்த ரட்சனோக், இரண்டாவதை 18-21 என்று இழந்தார். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து போவார்கள். அவரோ மூன்றாவது செட்டை 21-14 என்று முடித்தார். ஒற்றையர் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர்களில் மிக இளையவர் என்ற பெயரும், அந்தப் பட்டத்தை வென்ற முதல் தாய்லாந்து ஆட்டக்காரர் என்ற பெருமையும் அன்று அவருக்குக் கிடைத்தன.

கேள்வி: நான் பள்ளி அணியில் ஆடும் மாணவி. அவருடைய ஆட்டத்தில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, தங்கையே. ஷட்டில் எனப்படும் இறகுப்பந்தைப் பார்க்காமல் அவருடைய வலக்கையை மட்டும் ஒரு செட் முழுவதும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தலைக்கு மேல் வரும் ஷட்டிலை அடிக்கும்போது, ஸ்மாஷ், டிராப், பின்கோட்டுக்குத் தூக்கி அடிக்கும் கிளியர் ஆகிய மூன்றுக்கும் அவருடைய தோளும் முழங்கையும் ஒரே நிலையில்தான் எழும்பும். எதை அடிக்கப் போகிறார் என்பது ராக்கெட் ஷட்டிலைத் தொடும் கடைசி நொடித்துளியில், மணிக்கட்டிலும் விரல்களிலும்தான் முடிவாகிறது. ராக்கெட்டின் முகத்தைச் சற்றே சாய்த்து ஷட்டிலைச் சீவிவிடும்போது, வேகமாக வரும் அடியைப் போலத் தோன்றியது வேகம் இழந்து வலைக்கு அருகே விழும். எதிரே நிற்பவர் அதற்குள் ஒரு காலை ஊன்றி உடலைப் பின்னோக்கித் திருப்பியிருப்பார். ஊன்றிய காலை மறுபடி எடுத்து முன்னால் வருவதற்குள் புள்ளி போய்விடும். வலையருகிலும் இதேதான். ராக்கெட்டை நீட்டி, அடிக்காமல் ஒரு கணம் நிறுத்தி வைப்பார். எதிராளி முன்னே வர அடியெடுத்ததும் மெல்லத் தட்டிப் பின்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நீங்கள் உடனே இதைப் பயிற்சி செய்யப் போகாதீர்கள். முதலில் கிளியர் அடி பின்கோடு வரை தவறாமல் போக வேண்டும். உங்கள் ஸ்மாஷுக்கு எதிராளி பயப்பட வேண்டும். எதிரே இருப்பவருக்கு அந்த இரண்டைப் பற்றிய அச்சம் இருந்தால்தான் அவரை ஏமாற்ற முடியும். ரட்சனோக்கின் காலடிகளையும் கவனியுங்கள்: ஓடுவதுபோலவே தெரியாது, ஆனால் ஷட்டிலுக்குக் கீழே எப்போதும் முன்னதாகவே வந்து நிற்பார். அந்த முன்வருகைதான் அவருடைய மணிக்கட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கொடுக்கிறது.

கேள்வி: உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது எப்போது?

பதில்: 2016 ஏப்ரல் 21 அன்று. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் இந்திய ஓப்பன், மலேசிய ஓப்பன், சிங்கப்பூர் ஓப்பன் ஆகிய மூன்று சூப்பர் சீரிஸ் பட்டங்களையும் ஒன்றன் பின் ஒன்றாக வென்றார். இறுதிப்போட்டிகளில் முறையே சீனாவின் லீ ஷுவேருயி, தைவானின் தாய் சூ யிங், சீனாவின் சுன் யூ ஆகியோர் அவரிடம் தோற்றார்கள். முதலிடத்தில் அவர் நீண்ட நாள் நிலைக்கவில்லை என்றாலும், அதுவரை எந்தத் தாய்லாந்து ஒற்றையர் ஆட்டக்காரரும் தொடாத உயரம் அது. அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லையே. பெரிய மேடையில் பதற்றப்படுகிறவர் என்பது சரிதானே?

பதில்: இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான்கு ஒலிம்பிக்கில் மூன்றில் அவர் காலிறுதி வரை வந்திருக்கிறார். லண்டனில் 17 வயதில், முதல் செட்டை வென்ற பிறகு சீனாவின் வாங் சின்னிடம் தோற்றார்; சாய்னா நேவால் வெண்கலம் பெற்ற ஆட்டத்தில் காயத்தால் விலகியவர் அதே வாங் சின்தான். ரியோவில் ஜப்பானின் அகானே யாமகுச்சியிடம் காலிறுதிக்கு முந்தைய சுற்றில் 19-21, 16-21 என்று வீழ்ந்தார். என்னைப் பொறுத்தவரை அவருடைய ஏமாற்றமான ஒலிம்பிக் அது ஒன்றுதான். டோக்கியோவில் தாய் சூ யிங்கை முதல் செட்டில் 21-14 என்று திணறடித்துவிட்டு, அடுத்த இரண்டையும் 18-21, 18-21 என்று இழந்தார். பாரிஸில் இந்தோனேசியாவின் கிரிகோரியா துன்ஜுங்கிடம் முதல் செட்டை 23-25 என்று விட்டபின் இரண்டாவதில் எழ முடியவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது மனப் பதற்றத்தைவிட ஆட்ட முறையின் விலைதான். மேலே சொன்ன சீவல் அடிகள் வலைக்கு மேல் ஒரு விரற்கடை இடைவெளியில் போக வேண்டியவை. கால் களைத்து அரை அடி பின்தங்கி ஷட்டிலை எடுத்தால், அதே அடி வலையில் விழுந்துவிடும். மூன்றாவது செட்டுகளில் அவருக்கு அடிக்கடி நேர்வது இதுதான். அத்துடன் அவர் காலத்தில் ஜப்பானின் ஒகுஹாரா, யாமகுச்சி, பின்னர் தென் கொரியாவின் ஆன் சே யங் என்று எதையும் விடாமல் ஓடி எடுத்துத் திருப்பும் ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு முறை ஏமாற்றினால் முடிந்த புள்ளியை அவர்களிடம் மூன்று முறை ஏமாற்றி வாங்க வேண்டியிருந்தது. 2019 பாசல் உலகப் போட்டியின் அரையிறுதியில் ஒகுஹாராவிடம் முதல் செட்டை வென்றும் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 18 வயதில் உலகப் பட்டம் வென்றதாலேயே, அதன் பிறகு வந்த ஒவ்வொரு காலிறுதியும் தோல்விக் கணக்கில் எழுதப்படுகிறது. அது நியாயமில்லை.

கேள்வி: சிந்துவோடு ஒப்பிட்டால்?

பதில்: இருவரும் 1995இல் ஐந்து மாத இடைவெளியில் பிறந்தவர்கள். நேருக்கு நேர் மோதல்களில் ரட்சனோக்கின் கை ஓங்கியிருக்கிறது. ஒலிம்பிக், உலகப் போட்டிப் பதக்கங்களில் சிந்து வெகுதூரம் முன்னே நிற்கிறார்.

கேள்வி: அணிப் போட்டிகளில் அவருடைய பங்கு என்ன?

பதில்: 2018இல் பாங்காக்கில் நடந்த, பெண்களுக்கான உலக அணிப் போட்டியான ஊபர் கோப்பையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரையிறுதியில் தாய்லாந்துப் பெண்கள் சீனாவை 3-2 என்று வென்றார்கள். 1984 முதல் ஒவ்வொரு முறையும் இறுதிப்போட்டிக்கு வந்துகொண்டிருந்த சீனா அந்த முறைதான் வெளியே நின்றது. முதல் ஆட்டத்தில் சென் யூஃபெய்யிடம் ஒரு செட் பின்தங்கி மீண்டு வென்று வழிவகுத்தவர் ரட்சனோக். இறுதியில் ஜப்பானிடம் தோற்றாலும் தாய்லாந்து முதன்முறையாக இரண்டாமிடம் பெற்றது.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இவரைப் போல இப்போதே முழுநேரப் பயிற்சியில் சேர்த்துவிடலாமா?

பதில்: ரட்சனோக்குக்கு ஆறு வயதில் கிடைத்தது ஆடுகளமும் ராக்கெட்டும் நிறைய நேரமும்தான். பதக்கம் வாங்கித் தர வேண்டும் என்ற சுமையோடு யாரும் அவரை அங்கே அனுப்பவில்லை. விளையாட்டாகப் பழகிய விரல்களுக்குத்தான் அந்த மென்மை வரும் என்பது என் நம்பிக்கை. மகள் தானாகக் கேட்டு ஆடும் வரை நேரத்தைக் கூட்டாதீர்கள், படிப்பையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அவருக்குப் பிறகு யார்?

பதில்: 2023இல் பிச்சமோன் ஓபட்னிபுத், 2025இல் குவாஹாட்டியில் இந்தியாவின் தன்வி சர்மாவை இறுதியில் வென்ற அன்யபட் பிச்சித்பிரீசாசக் என்று இரண்டு தாய்லாந்துப் பெண்கள் ஜூனியர் உலகப் பட்டம் வென்றிருக்கிறார்கள். போர்ன்பவீ சோச்சுவோங், புசானன், சுபனிதா போன்றோர் முன்பே முன்னணி வரிசைக்கு வந்துவிட்டார்கள். இளையவர்கள் இருவருக்கும் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்துப் பார்ப்போம்.

கேள்வி: ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

பதில்: பலரும் குவாங்சோ இறுதியைச் சொல்வார்கள். 2022 மலேசிய ஓப்பனில், 27 வயதில், ஒலிம்பிக் சாம்பியன் சென் யூஃபெய்யை மூன்று செட்களில் வென்ற ஆட்டமும் எனக்கு மிக நெருக்கமானது. ஆனால் என் தேர்வு 2015 ஏப்ரலில் வூகானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. மறுபடியும் லீ ஷுவேருயி, மறுபடியும் சீன மண். 20-22, 23-21, 23-21. மூன்று செட்களும் 20-20ஐக் கடந்தவை. அந்த நிலையில் எல்லாரும் பத்திரமான அடிகளுக்குத் திரும்பிவிடுவார்கள். அவரோ அப்போதும் குறுக்கே சீவி விடும் டிராப்பை அடிக்கத் துணிகிறார்.