கீழ்ப்பாக்கத்துல தம்பிக்கு பண்ணின டெஸ்ட் பத்தி கேட்ட கோத்தகிரி அக்காவுக்கு

அக்கா, தம்பிய கீழ்ப்பாக்கத்துல சேர்த்தீங்க, சைக்காலஜிஸ்ட் மை கொட்டுன மாதிரி படம் காட்டி என்ன தெரியுதுன்னாங்க, 100-ல இருந்து ஏழேழா கழிக்க சொன்னாங்க, மாத்திரை மட்டும் எழுதல, இதென்ன விளையாட்டான்னு கேட்டிருந்தீங்க. நானும் ஒரு அரசு மனநல மருத்துவமனையில அதே சைக்காலஜிஸ்ட் வேலைதான், சொந்த ஊரு குன்னூர்.

மாத்திரை எழுதுறது சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர், எங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. கழித்தல் கணக்குல நாங்க மார்க் போடறதில்ல, 93, 86ன்னு போயிட்டே இருந்தவன் நடுவுல ஜன்னல பாத்து நின்னுடறானா, கவனம் எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாக்கறதுதான், ஸ்கூல் பாதியில விட்டவங்கள்ட்ட கிழமைய பின்னாடில இருந்து சொல்ல சொல்லுவோம். மை படம் மொத்தம் 10 அட்டை, அத மட்டும் வெச்சு யாருக்கும் நோய் பேரு எழுதக்கூடாது (சினிமால காட்டறத நம்பாதீங்க).

டிஸ்சார்ஜ் ஆனப்புறம் மாசாமாசம் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறணுமான்னு கேட்டிருக்கீங்க, பெரும்பாலும் தேவப்படாது. டிஸ்சார்ஜ் சம்மரிய கேட்டு வாங்குங்க, 2017 மனநலச் சட்டப்படி தன்னோட ரெக்கார்ட பாக்கறது அவன் உரிமை, அத எடுத்துட்டு ஊட்டி ஜிஹெச் மனநலப் பிரிவுக்கு போங்க. லித்தியம் (மனநிலை ரொம்ப ஏறி இறங்காம வெச்சுக்கற மாத்திரை) எழுதியிருந்தா ரத்தத்துல அளவு எங்க பாக்கறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. நம்மூரு குளிர்ல நாள் பூரா டீயிலயே ஓட்டிட்டு தண்ணியே குடிக்க மாட்டோம், லித்தியத்துக்கு அது ஆகவே ஆகாது. வாந்தி, பேதி, கை நடுக்கம் ஜாஸ்தியானா உடனே காட்டுங்க. நடுராத்திரில பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ்னு அரசு மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீதான், தமிழ்லயே பேசுவாங்க.